ஈர்க்குச்சி நட்சத்திரம், சிரட்டைப் பயிர்... பிள்ளை கையால் ஒரு கிறிஸ்துமஸ்!

நவம்பர் கடைசி வாரம். இரவு மணி 11. பாளையங்கோட்டையில் அந்த வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அம்மா மட்டும் உட்கார்ந்திருந்தார். எதிரே தெர்மாகோல் துண்டுகள், க்ளூ கன், ஜிகினாத் தூள். மறுநாள் காலை யு.கே.ஜி வகுப்பில் கொடுக்க வேண்டிய 'கிறிஸ்துமஸ் கிராஃப்ட்' தயாராகிக்கொண்டிருந்தது.

தகவல் வாட்ஸ்அப்பில் மூன்று நாள்களுக்கு முன்பே வந்துவிட்டது. வேலைக்குப் போய், வந்து, சமைத்து, துணி மடித்து, கடைசியில் இன்றைக்குத்தான் நேரம் கிடைத்தது. 5 வயது மகள் 9 மணிக்கே தூங்கிப்போயிருந்தாள். எழுப்ப மனசு வரவில்லை. எழுப்பியிருந்தால் வேலை இன்னும் இரண்டு மணி நேரம் இழுக்கும் என்பதும் உண்மை.

பனிமனிதன் கடையில் வாங்கியது போல வந்திருந்தது. சிவப்பு மஃப்ளர், கேரட் மூக்கு, தலையில் தொப்பி. அம்மா அதை போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்துவிட்டுத்தான் படுத்தார்.

மறுநாள் சாயங்காலம் மகள் வந்து சொன்னாள். "மிஸ் எல்லார்கிட்டயும் எப்படி செஞ்சீங்கன்னு கேட்டாங்கம்மா."

"நீ என்ன சொன்னே?"

"எங்கம்மா செஞ்சாங்க, நான் தூங்கிட்டேன்னு சொன்னேன்."

அவள் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். சொல்லிவிட்டு பிஸ்கட் டப்பாவைத் திறக்கப் போய்விட்டாள். அம்மாதான் அப்படியே நின்றார்.

வாசலில் இல்லாத நட்சத்திரம்

டிசம்பர் முதல் தேதி பிறந்தது. தெருவில் ஒவ்வொரு வாசலிலும் நட்சத்திரம் ஏறியது. இந்த வீட்டு வாசல் மட்டும் இருட்டாக இருந்தது.

வருஷா வருஷம் அந்தத் தெருவில் முதல் நட்சத்திரம் இந்த வீட்டில்தான் தொங்கும். கடை நட்சத்திரம் இல்லை. தாத்தா மூங்கிலைப் பிளந்து, சீவி, கட்டி, காகிதம் ஒட்டிச் செய்த நட்சத்திரம். ஆடி மாதத்தில் தாத்தா காலமாகிவிட்டார். துக்கம் நடந்த வீட்டில் வருஷம் திரும்பும்வரை பண்டிகை கொண்டாடுவதில்லை என்பது அந்தக் குடும்பத்து வழக்கம். நட்சத்திரம் கிடையாது, புதுத்துணி கிடையாது, அக்கம்பக்கத்துக்கு முறுக்கும் அதிரசமும் கொடுத்தனுப்புவதும் கிடையாது.

இதெல்லாம் பெரியவர்களுக்குத் தெரியும். யு.கே.ஜி படிக்கிற பிள்ளைக்குத் தெரியுமா?

"ஆச்சி, நம்ம வீட்டுல ஏன் ஸ்டார் போடல?"

"தாத்தா போயி இன்னும் வருசம் திரும்பலல்லாட்டி, அதான்."

"தாத்தாவுக்குத்தான் ஸ்டார் ரொம்பப் பிடிக்குமே?"

ஆச்சி பதில் சொல்லவில்லை. எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

அன்றிரவு பிள்ளை தூங்கிய பிறகு அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார். "அத்தை, வாசல்ல ஒண்ணும் வேண்டாம். உள்ளுக்குள்ள பிள்ளைய வச்சுக்கிட்டு சின்னச் சின்னதா எதாவது செய்யட்டுமா? நீங்க வேண்டாம்னு சொன்னா வேண்டாம்."

ஆச்சி கொஞ்ச நேரம் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். "ஊருக்குக் காட்டத்தாம்மா கூடாது. பிள்ளை கை வேலைக்கு என்ன துக்கம்? செய்யுங்க."

24 வளையங்கள்

முதலில் செய்தது காகிதச் சங்கிலி. பழைய காலண்டர் தாள், பரிசு சுற்றி வந்த கலர் பேப்பர், படித்து முடித்த வார இதழின் அட்டை, எது கிடைத்ததோ அதுதான். 2 செ.மீ அகலம், 15 செ.மீ நீளத்தில் 24 பட்டைகள். அம்மா ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். மகள் முனை மழுங்கிய கத்தரிக்கோலால் வெட்டினாள். 5 வயதுப் பிள்ளைக்கு நேர்கோட்டில் வெட்ட வரும். கொஞ்சம் ஆற்றில் போகிற படகு மாதிரி வளைந்து வரும், அவ்வளவுதான்.

ஒரு பட்டையை வளைத்து ஒட்டினால் ஒரு வளையம். அடுத்த பட்டையை அதற்குள் நுழைத்து ஒட்டினால் இரண்டு. 24-ம் சேர்ந்ததும் சுவரில் தொங்கவிட்டார்கள். தினமும் ராத்திரி ஒரு வளையத்தைக் கிழிக்க வேண்டும். சங்கிலி தீர்கிற ராத்திரி நடுச்சாமப் பூசை. 'இன்னும் எத்தனை நாள் இருக்கு?' என்று நாளுக்குப் பத்து முறை கேட்கிற பிள்ளை, தானே போய் எண்ணிப் பார்க்க ஆரம்பித்தாள்.

ஒட்டுவதற்கு க்ளூ கன்னை வெளியே எடுக்கவே இல்லை. சுட்டால் பிள்ளை தோல் பொத்துப்போகும். ஆச்சி மைதாப் பசை காய்ச்சிக் கொடுத்தார். 2 ஸ்பூன் மைதாவை ஒரு கப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிண்டிக்கொண்டே இருந்தால் கண்ணாடி போல ஆகி இறுகும். ஆறினால் பசை தயார். பூச்சி அரிக்காமல் இருக்க அந்தக் காலத்தில் இதில் மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம். விரலை வாயில் வைக்கிற பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அது வேண்டவே வேண்டாம். இரண்டு நாளில் பசை புளித்துப்போனால் கீழே கொட்டிவிட்டுப் புதிதாகக் காய்ச்சிக்கொள்ளலாம்.

பக்கத்து வீட்டு 3 வயதுப் பையனும் வந்து சேர்ந்துகொண்டான். அவனுக்குக் கத்தரிக்கோல் கொடுக்கவில்லை. கலர் பேப்பரைக் கிழிக்கிற வேலை கொடுத்தார்கள். பெரிய அட்டையில் பென்சிலால் ஒரு மரம் வரைந்து, கிழித்த பச்சைத் துண்டுகளை அதற்குள் ஒட்டச் சொன்னார் அம்மா. பாதி மரத்தில் ஒட்டியது, பாதி அவன் முழங்கையில்.

சிரட்டையில் ஒரு வயல்

டிசம்பர் 12. ஆச்சி ஒரு கைப்பிடி கேழ்வரகை ராத்திரியே ஊறப்போட்டு வைத்திருந்தார். காலையில் மூன்று தேங்காய்ச் சிரட்டைகள் வந்தன. சிரட்டைக் கண்ணைக் குத்தி ஓட்டையாக்கி, முக்கால் அளவுக்கு மண் நிரப்பினார்கள். ஊறின கேழ்வரகை மேலே நெருக்கமாகத் தூவி, அது மறையும் அளவுக்கு மட்டும் மெல்லிசாக மண் போட்டு, ஈரத்துணியால் மூடினார்கள். முளை தலைகாட்டியதும் துணியை எடுத்துவிட்டு வெளிச்சம் படுகிற இடத்தில் வைத்தார்கள்.

தென்மாவட்டத்துக் குடில்களில் இப்படி ஒரு பச்சை வயலைப் பல வீடுகளில் பார்க்கலாம். சிலர் நெல் போடுவார்கள், சிலர் வெந்தயம், சிலர் கம்பு. 24-ம் தேதிக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்னால் விதைத்தால், பூசைக்குப் போகும்போது குடிலைச் சுற்றி வயல் நிற்கும்.

பிள்ளை முதல் நாளே நான்கு தடவை தண்ணீர் ஊற்றினாள். "வெள்ளக்காடா ஆக்கிப்புடாதட்டி, அழுகிரும்" என்றார் ஆச்சி. அதன் பிறகு கையை நனைத்து உதறித் தெளிக்கிற வேலை மட்டும். மூன்றாம் நாள் காலை பல்கூட விளக்காமல் ஓடிவந்து கத்தினாள். "ஆச்சீ... வெள்ளையா வந்திருக்கு!"

ஆச்சி கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தார். ஆடியிலிருந்து அவர் இப்படி விரசலாக எழுந்து வந்து அம்மா பார்த்ததில்லை.

பஞ்சு ஆடும் ஒரு சண்டையும்

குடிலுக்குச் செருப்பு டப்பா. ஒரு பக்கத்தை வெட்டி எடுத்து, கூரைக்குப் பனையோலைத் துண்டு, தரைக்கு வைக்கோல். கடையில் பஞ்சைப் பனி போலப் பரப்பியிருந்ததைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளை தனக்கும் அது வேண்டும் என்றாள். ஆச்சி ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்து வந்தார். உள்ளே தாமிரபரணி மணல். "உங்க தாத்தா இதத்தாம்ட்டி போடுவாவ."

குடிலுக்கு 800 வருஷத்துக் கதை உண்டு. 1223-ல் இத்தாலியில் கிரேச்சியோ என்ற மலை ஊரில், புனித பிரான்சிஸ் அசிசியார் ஒரு தீவனத் தொட்டியில் வைக்கோல் போட்டு, நிஜ மாட்டையும் கழுதையையும் நிறுத்திக் கிறிஸ்து பிறப்பைக் காட்டினார். அங்கே பொம்மையோ ஜிகினாவோ இல்லை. ஊரில் இருந்ததை வைத்தே செய்தார். செருப்பு டப்பாவும் பனையோலையும் அந்த வழிதான்.

மாதா, சூசையப்பர், குழந்தை இயேசு எல்லாம் வீட்டில் இருந்த பழைய சுரூபங்கள். ஆடுகள் மட்டும் பிள்ளையின் பொறுப்பு. அட்டையில் முட்டை வடிவம் வெட்டி, பசை தடவி, பஞ்சைப் பிய்த்து ஒட்ட வேண்டும். கறுப்புக் காகிதத்தில் முகமும் கால்களும்.

சண்டை இங்கேதான் வந்தது. மகள் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் அம்மா ஆட்டைக் கையில் எடுத்தார். ஐந்து கால்கள் இருந்தன. ஒன்றைப் பிய்த்துக் குப்பையில் போட்டார். கோணலாக இருந்த முகத்தையும் எடுத்து நேராக ஒட்டிவிட்டார்.

திரும்பி வந்தவள் பார்த்தாள். "ஒண்ணு எங்கம்மா?"

"ஆட்டுக்கு நாலு கால்தானே கண்ணு?"

"அது காலு இல்ல. வாலு!"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. பிள்ளைக்கு வரவில்லை. அவள் பசைக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். "நீயே செய்யும்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

இரவு 11 மணிக்குச் செய்த பனிமனிதன் அம்மாவுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். கையில் ஆட்டை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த ஆச்சி நிமிராமலே பேசினார்.

"உம் மாப்பிள்ளை சின்னப் பையனா இருக்கையில அவுக அப்பா ஸ்டார் செய்வாவல்லா? நாலு முனைய அவுக ஒட்டுவாவ. அஞ்சாவது முனைய இவன்ட்ட விட்டுருவாவ. இவன் பசைய அள்ளி அப்பி, பேப்பரு சுருங்கி, ஒரே அசிங்கமா இருக்கும். சரி பண்ணக் கூடாதான்னு நாங் கேப்பேன். கேக்க மாட்டாவ. அந்தச் சுருங்குன பக்கத்தத்தான் ரோட்டப் பாத்துத் தொங்க விடுவாவ."

அம்மா எழுந்து குப்பைக்கூடையில் கையை விட்டு அந்தக் கறுப்புத் துண்டைத் தேடி எடுத்தார். உள்ளே போய் ஆட்டையும் வாலையும் மகள் பக்கத்தில் வைத்தார். "தப்பு என் மேலதான். நீயே ஒட்டிரு" என்றார். அவள் கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு எழுந்து உட்கார்ந்தாள். வாலை ஆட்டின் முதுகில் ஒட்டினாள். அம்மா வாயைத் திறக்கவில்லை.

பார்க்காத பனி

மார்கழி பிறந்தது. எதிர்வீட்டு வாசலில் கோலத்தின் நடுவே பூசணிப்பூ. விடியற்காலையில் செம்பருத்திச் செடி முழுக்க ஈரம்.

"இதுவும் பனி, பனிமனிதனும் பனியா?" என்று கேட்டாள் மகள். நல்ல கேள்விதான். தமிழில் இலை மேல் நிற்பதும் பனி, இமயமலையில் விழுவதும் பனி.

அம்மா ஒரு கதை சொன்னார். அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தில், ஜெரிக்கோ என்ற ஊரில் வில்சன் பென்ட்லி என்று ஒரு விவசாயி வீட்டுப் பையன். அவனுடைய அம்மா அவனுக்கு ஒரு மைக்ராஸ்கோப் கொடுத்தார். விழுகிற பனித்துகளை அதில் வைத்துப் பார்த்தவனுக்கு அதே கிறுக்காகிவிட்டது. வளர்ந்த பிறகு, 1885 ஜனவரியில் மைக்ராஸ்கோப்போடு கேமராவைப் பொருத்தி ஒற்றைப் பனித்துகளைப் படம் எடுத்தார். வாழ்நாளில் எடுத்த படங்கள் 5,000-க்கும் மேல். அந்தத் துகள்கள் அறுகோண அமைப்பில்தான் வளரும். தண்ணீர் மூலக்கூறுகள் உறையும்போது அப்படித்தான் அடுக்கிக்கொள்ளும்.

அதனால் காகிதப் பனிப்பூவுக்கும் ஆறு முனை. 20 செ.மீ சதுரத் தாளை மூலைக்கு மூலை மடித்தால் முக்கோணம். அதன் நீளமான பக்கத்தின் நடுப்புள்ளியைப் பிடித்துக்கொண்டு, கடலைப் பொட்டலம் மடிப்பது போல மூன்று சம பாகமாக மடிக்க வேண்டும். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் காதுகளை வெட்டிவிட்டு, ஓரங்களில் விருப்பம்போலச் சின்னச் சின்ன வெட்டு. மடிப்பு கெட்டியாக இருந்தால் சின்னக் கையால் வெட்ட முடியாது. அதற்கு மெல்லிய தாள்தான் சரி.

எங்கே வெட்டினால் என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது. பிரிக்கிற அந்த நொடிதான் இதில் விளையாட்டே. மகள் ஒவ்வொன்றையும் பிரித்துவிட்டு முதலில் ஆச்சியிடம்தான் காட்டினாள். அம்மா அதையெல்லாம் ஜன்னல் கம்பியில் நூல் கட்டித் தொங்கவிட்டார்.

ஐந்தாவது முனை

20-ம் தேதி ஆச்சியே துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சிகளை உருவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். யாரும் கேட்கவில்லை.

ஒரு நட்சத்திரத்துக்கு 30 செ.மீ நீளத்தில் 10 குச்சிகள். பென்சிலை எடுக்காமல் நட்சத்திரம் வரைவோமே, அதே வரிசையில் 5 குச்சிகளை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, முனைகளை நூலால் கட்ட வேண்டும். இதே போல இன்னொன்று. இரண்டின் மேலும் பட்டம் செய்கிற மெல்லிய காகிதத்தை ஒட்டிக்கொண்டு, ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து ஐந்து முனைகளையும் சேர்த்துக் கட்ட வேண்டும். குச்சிகள் குறுக்கே வெட்டிக்கொள்ளும் இடங்கள் உள்ளே ஐந்து இருக்கும். அந்த ஐந்து இடத்திலும் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே 5 செ.மீ குச்சி ஒன்றை முட்டுக்கொடுத்துக் கட்டினால் தட்டையாகக் கிடந்தது உப்பி நிற்கும். ஓரத்து இடைவெளிகளை ஒட்டாமல் விட்டால் அதன் வழியாக பேட்டரி எல்.இ.டி விளக்கை உள்ளே வைக்கலாம். மெழுகுவத்தி கூடாது, காகிதம் நொடியில் பிடித்துக்கொள்ளும். குடிலில் பஞ்சு, வைக்கோல் பக்கத்திலும் இதே எச்சரிக்கை. 3 வயதுக்குக் குறைந்த பிள்ளை வீட்டில் இருந்தால் மணி, பட்டன், ஜிகினா எதுவும் கைக்கு எட்டக் கூடாது.

கட்டுகிற வேலை ஆச்சிக்கு. குச்சி நழுவாமல் பிடிக்கிற வேலை பேத்திக்கு. இடையில் ஆச்சியின் விரல் நின்றது. "ரெண்டாவது கட்ட உள்ள போட்டுக் கட்டுவாவளா, வெளிய போட்டா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். 40 வருஷத்துக்கு மேல் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்தான். ஒருமுறைகூடத் தானாகக் கட்டியதில்லை. இரண்டு முறை அவிழ்த்துக் கட்டிய பிறகு நின்றது.

முன்பக்கக் காகிதத்தை மகள் ஒட்டினாள். பசை அதிகமாகி ஐந்து முனையிலும் சுருக்கம். அம்மா தன் இரண்டு கைகளையும் மடியில் கோத்து வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசலில் மாட்டவில்லை. ஹாலில் குடிலுக்கு மேலே, ஜன்னலை ஒட்டித் தொங்கவிட்டார்கள். நேரான பக்கம் தெருவைப் பார்த்து இருந்தது.

23-ம் தேதி ராத்திரி கோயம்புத்தூரிலிருந்து அப்பா வந்தார். துக்க வீடு என்று நினைத்துக்கொண்டு வந்தவர், பையைக் கீழே வைக்காமலே ஹாலில் நின்றார். சங்கிலியில் மிச்சம் ஒரே ஒரு வளையம். சிரட்டைகளில் பச்சை. முதுகில் வால் முளைத்த ஆடு. மேலே நட்சத்திரம்.

"இது யாரு ஒட்டினது?"

"நான்தாம்ப்பா!"

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். நட்சத்திரத்தை மெதுவாகத் திருப்பி, சுருக்கம் விழுந்த பக்கம் தெருவைப் பார்க்கும்படி வைத்துவிட்டு இறங்கினார். யாரும் அவரிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

அடுப்படி வாசலில் நின்ற ஆச்சி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ராஜாக்கள் திருநாள் முடிந்து

ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள். அது முடிந்ததும் குடிலைப் பிரித்தார்கள். மணல் ஹார்லிக்ஸ் பாட்டிலுக்கே திரும்பப் போனது. கேழ்வரகுப் பயிரைப் பிள்ளை தெருமுனை வீட்டு ஆட்டுக்குக் கொண்டுபோய் நீட்டினாள். மூன்று வாரத்துக்கு மேல் தண்ணீர் தெளித்து வளர்த்ததை அது இரண்டு வாயில் முடித்துவிட்டது. அழுவாள் என்று அம்மா நினைத்தார். "அதுக்கும் கிறிஸ்துமஸ்" என்றாள் அவள்.

இரவு 11 மணிக்குச் செய்த அந்தப் பனிமனிதன் பள்ளியிலிருந்து திரும்பி வந்து அலமாரி மேல் நின்றது. இப்போதும் அது அழகாகத்தான் இருந்தது. பிள்ளை ஒருமுறையும் அதை எடுத்துத் தரச்சொல்லிக் கேட்கவில்லை. வால் ஆட்டை மட்டும் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்கினாள்.

ஈர்க்குச்சி நட்சத்திரத்தைப் பழைய வேட்டியில் சுற்றிப் பரணில் ஏற்றினார்கள். அங்கே தாத்தா சீவி வைத்த மூங்கில் கட்டு அப்படியே இருந்தது.

ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளை கேட்டாள். "ஆச்சி, அடுத்த கிறிஸ்துமஸுக்கு வாசல்ல மாட்டலாமா?"

ஆச்சி மூங்கில் கட்டைக் கையால் ஒருமுறை தடவிப் பார்த்தார்.

"அதுக்குள்ள ஆடி வந்து போயிரும்லா. மாட்டுவோம். இந்த மூங்கில்ல பெருசா செய்வோம். நான் நல்லாக் கட்டிப் பழகிக்கிடுதேன், நீ ஒட்டு."